நவச்சாரத்தில் உலோகமே இல்லையே, பிறகு எப்படி அயனிப் பிணைப்பு?

தொண்டி டியூஷன் | மாலை 7.40

வணக்கம். தொண்டியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். இப்போது வேதிப்பிணைப்புப் பாடம் ஓடுகிறது. "உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு, இரண்டும் அலோகம் என்றால் சகப்பிணைப்பு" என்பதுதான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. ஒரு பட்டியல் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். சோடியம் குளோரைடு, தண்ணீர், மெக்னீசியம் ஆக்சைடு, கார்பன் டை ஆக்சைடு எல்லாம் சரியாக வந்தன. அம்மோனியம் குளோரைடில், அதாவது நவச்சாரத்தில், மொத்த வகுப்பும் சகப்பிணைப்பு என்று எழுதியிருக்கிறது. நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் மூன்றுமே அலோகம்தானே? ஆனால் விடை அயனிப் பிணைப்பு.

ஒரு பிள்ளை எழுந்து, "அப்ப விதியை நம்பணுமா, விடையை நம்பணுமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டது. 'அது விதிவிலக்கு' என்று சொல்லி உட்காரவைக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் பாதி வழியில் உடையாத ஒரு முறை இருக்கிறதா? எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரானை ஓர் அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 1.7 என்கிற கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?


பத்துக்குப்பத்து | மாலை 7.58

டீச்சர், இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். "அம்மோனியம் என்று பெயர் வந்தால் அயனி" என்று கட்டம் கட்டி எழுதிப் போடுங்கள், மனப்பாடம் பண்ணட்டும். மற்றதற்கு உலோகம், அலோகம் பார்த்தாலே போதும். தேர்வில் இந்த இடத்திலிருந்து ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வராது.


மண்டபம் வாத்தியார் | இரவு 8.25

தம்பி சொல்வது மதிப்பெண்ணுக்கான வழி. டீச்சர் கேட்பது அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்று. நான் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலோகம், அலோகம் என்று பார்ப்பது ஒரு குறுக்குவழி. அதை விதி என்று சொல்லிக் கொடுப்பதால்தான் இந்தத் தொல்லை. அயனிப் பிணைப்பு உண்டாக வேண்டுமானால் நேர்மின் சுமை கொண்ட ஒன்றும் எதிர்மின் சுமை கொண்ட ஒன்றும் வேண்டும். அவ்வளவுதான். நேர்மின் சுமை கிடைக்க மிகச் சுலபமான வழி ஓர் உலோக அணு தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானை விட்டுவிடுவது. சோடியம் அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதுதான் ஒரே வழி என்று யாரும் சொல்லவில்லை.

அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், எல்லாம் சகப்பிணைப்பு, அதாவது எலக்ட்ரான் ஜோடியைப் பகிர்ந்துகொள்வது. நைட்ரஜனிடம் பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் மிச்சம் இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு பக்கத்தில் வந்தால், அதிலிருந்து ஒரு புரோட்டான் (எலக்ட்ரானை விட்டுவிட்ட ஹைட்ரஜன்) கழன்று இந்த ஜோடியில் வந்து சேரும். ஜோடி முழுவதையும் நைட்ரஜனே கொடுப்பதால் இதை ஈதல் சகப்பிணைப்பு என்கிறோம். சேர்ந்த பிறகு நான்கு ஹைட்ரஜனும் ஒன்றுபோல்தான் இருக்கும், எது புதிதாக வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஐந்து அணுக்களின் கூட்டம் மொத்தமும் ஒரு நேர்மின் சுமையைத் தாங்குகிறது. விட்டுப்போன குளோரின், எலக்ட்ரானை வைத்துக்கொண்டு எதிர்மின் அயனியாகிவிட்டது. உலோகம் எதுவும் வராமலே இரண்டு அயனிகள் வந்துவிட்டன.

பள்ளி ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே காட்டலாம். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் குச்சியை அம்மோனியா பாட்டிலின் வாயருகே கொண்டு போனால் வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும். அது புகை இல்லை, நவச்சாரத் தூள். அம்மோனியா கொதிப்பது பூச்சியத்துக்குக் கீழே 33 டிகிரியில். ஹைட்ரஜன் குளோரைடு பூச்சியத்துக்குக் கீழே 85 டிகிரியில். இரண்டும் வாயு, இரண்டும் சகப்பிணைப்பு. சேர்ந்தால் 338 டிகிரி வரை சூடாக்கினால்தான் ஆவியாகும் ஒரு படிகம். இந்த மூன்று எண்களையும் பிள்ளைகளிடம் கொடுத்து, 'என்ன மாறியிருக்கும்?' என்று கேளுங்கள். அவர்களே சொல்வார்கள்.


ராமேஸ்வரம் ஐஸ்பிளான்ட் | இரவு 8.51

சார், இந்த வெள்ளைப் புகை எங்களுக்குப் பழக்கம். ஐஸ் பிளான்ட்டில் அம்மோனியா குழாய் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் கந்தகக் குச்சியைக் கொளுத்தி இணைப்புகளின் பக்கம் காட்டுவோம். கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளையாகக் கெட்டிப் புகை வரும். அதுவும் நவச்சாரம்தானா?

இன்னொன்று. எங்கள் பிளான்ட்டில் இரண்டு பொருளும் ஒரே தொட்டியில் இருக்கின்றன. குழாய்க்குள் அம்மோனியா, குழாயைச் சுற்றி உப்புக்கரைசல், அதற்குள் ஐஸ் கேன்கள். உப்புத் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரி வாக்கில் இருந்தும் உறையாது, கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் உறைந்து பாராகிவிடும். நீங்கள் அயனி, சகப்பிணைப்பு என்று எழுதியதும் எனக்கு அந்தத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.


மண்டபம் வாத்தியார் | இரவு 9.04

அது நவச்சாரம் இல்லை. கந்தகம் எரிந்தால் சல்பர் டை ஆக்சைடு. அது அம்மோனியாவோடும் காற்றில் இருக்கும் ஈரத்தோடும் சேர்ந்து அம்மோனியம் சல்பைட் வகை உப்பாகிறது. பெயர் வேறு, நடப்பது அதேதான். சகப்பிணைப்பு வாயுக்கள் சேர்ந்து அயனித் தூள். நீங்கள் தினமும் செய்கிற சோதனையை டீச்சர் பாடமாக நடத்தலாம் (பிளான்ட்டுக்குள் கூட்டிப்போக வேண்டாம், சொல்லிக்காட்டினால் போதும்).


ராம்நாட் ஆர்.ஓ. | இரவு 9.10

டீச்சர், என் தொழில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ். நம்ம மாவட்டத்து நிலத்தடித் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு டி.டி.எஸ். மீட்டர் காட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த மீட்டர் உண்மையில் உப்பை எடைபோடுவதில்லை. இரண்டு ஊசிகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது.

அதனால் உங்கள் பாடத்துக்கு அதைவிட மலிவான கருவி கிடையாது. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு கிராம் உப்புப் போட்டுக் கலக்கினால் மீட்டர் 1000 பக்கம் போய் நிற்கும். அதே மாதிரி இன்னொரு லிட்டரில் நாலைந்து கரண்டி வெள்ளைச் சர்க்கரை போடுங்கள். தண்ணீர் பாயசம் மாதிரி இனிக்கும், எண் இருந்த இடத்திலேயே இருக்கும். வாடிக்கையாளர் சிலர் 'எண் குறைவாக இருக்கு, அப்ப தண்ணி சுத்தம்' என்பார்கள். சர்க்கரைத் தண்ணீரைக் காட்டித்தான் புரியவைப்பேன்.


மண்டபம் வாத்தியார் | இரவு 9.22

அருமை. உப்பு கரைந்தால் சோடியம் அயனி தனி, குளோரைடு அயனி தனி, இரண்டும் நீந்திப் போய் மின்சாரத்தைக் கடத்துகின்றன. சர்க்கரை கரைந்தால் முழு மூலக்கூறாகவே தண்ணீருக்குள் போகிறது. சுமை இல்லை, கடத்தலும் இல்லை. உலர்ந்த உப்புக் கல்லில் மீட்டரை வைத்தாலும் ஒன்றும் காட்டாது, ஏனென்றால் அங்கே அயனிகள் இருந்தும் இடம்விட்டு நகர முடியாது. இதையும் சேர்த்துக் காட்டுங்கள்.


சாயல்குடி பனங்காடு | இரவு 9.47

இப்போதுதான் செய்து பார்த்தேன். சர்க்கரை இல்லை, வீட்டில் இருந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். எண் ஏறுகிறதே! கருப்பட்டி அயனிச் சேர்மமா?


ராம்நாட் ஆர்.ஓ. | இரவு 9.53

அண்ணே, வெள்ளைச் சர்க்கரை என்றுதானே எழுதியிருந்தேன்.


மண்டபம் வாத்தியார் | இரவு 10.05

கருப்பட்டியில் இருக்கும் சர்க்கரை சகப்பிணைப்புதான், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பதநீரைக் காய்ச்சி இறக்கும்போது அதில் உள்ள பொட்டாசியம் முதலான தாது உப்புகளும் கூடவே கட்டியாகின்றன. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறீர்களே, அதிலிருந்து கொஞ்சம் கால்சியமும் வரும். மீட்டர் அவற்றைத்தான் காட்டுகிறது. வெள்ளைச் சர்க்கரையில் அதையெல்லாம் நீக்கிவிடுகிறார்கள். சோதனைக்கு எடுக்கும் பொருள் ஒரே சேர்மமா, கலவையா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் கருப்பட்டி நல்ல சாட்சி.


பதினொன்று ஆ பிரிவு | இரவு 10.20

ஐயா, நான் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். எண் ஏறியது. சிட்ரிக் அமிலம் சகப்பிணைப்பு மூலக்கூறு என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. சாற்றில் வேறு உப்பும் இருக்கும் என்று சொல்வீர்களோ என்று கடையில் சிட்ரிக் அமிலப் பொட்டலம் வாங்கி அதையும் போட்டேன். அதற்கும் ஏறுகிறது.


மண்டபம் வாத்தியார் | இரவு 10.41

பொட்டலம் வாங்கிப் பார்த்த வேலை நன்று தம்பி.

அமிலங்கள் இந்தச் சோதனையை ஏமாற்றும். சிட்ரிக் அமில மூலக்கூறு தண்ணீரில் விழுந்ததும் புரோட்டானைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு அயனியாகிறது. ஹைட்ரஜன் குளோரைடும் அப்படியே. வாயுவாக இருக்கும்வரை சகப்பிணைப்பு, தண்ணீரில் போனால் முழுக்க அயனி. ஆக மீட்டர் சொல்வது 'இந்தத் தண்ணீரில் இப்போது அயனிகள் இருக்கின்றன' என்பதை மட்டும்தான். அவை ஏற்கெனவே படிகத்தில் இருந்து கரைந்து வந்தனவா, தண்ணீரில் போட்ட பிறகு உண்டாயினவா என்று அதற்குத் தெரியாது. உருக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும், தண்ணீர் குறுக்கே வராது. உருகிய உப்பு மின்சாரத்தைக் கடத்தும், திரவமாக்கிய ஹைட்ரஜன் குளோரைடு கடத்தாது. என்ன, உப்பு உருக 801 டிகிரி வேண்டும். வீட்டில் யாரும் முயலாதீர்கள்.


தொண்டி டியூஷன் | காலை 6.15

இரவில் இவ்வளவு நடந்திருக்கிறதா! எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இன்னும் இரண்டு முட்டுக்கட்டை.

அயனிச் சேர்மங்கள் தண்ணீரில் கரையும், உருகுநிலை அதிகம் என்று பாடத்தில் இருக்கிறது. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலும் சங்கும் கால்சியம் கார்பனேட், அயனிச் சேர்மம்தான். அது கரைந்தால் கடலில் ஒரு சங்குகூட மிஞ்சாதே? கடற்கரை மணலில் பெரும்பகுதி சிலிக்கா, முழுக்கச் சகப்பிணைப்பு. அது உருக 1700 டிகிரி என்கிறார்கள், உப்பைவிட இரண்டு மடங்கு. பாடத்தில் இருக்கும் பண்புகளின் பட்டியலை நம் கடற்கரையே பொய்யாக்கிவிடுகிறது.


வாலிநோக்கம் உப்பளத்தார் | காலை 6.50

டீச்சருக்கு ஒரு சபாஷ். கரைவது, கரையாதது இரண்டையும் வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள். பாத்தி பாத்தியாகக் கட்டி வெயிலில் வற்றவிடும்போது எல்லாம் ஒன்றாக விழுவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட், அதன் பிறகு ஜிப்சம். போமே மானியில் (உப்புத் தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் கருவி) 25 டிகிரி தாண்டும்போதுதான் சாப்பாட்டு உப்பு படிகமாக விழ ஆரம்பிக்கும். 30 டிகிரியை நெருங்குமுன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து விழும். அந்த உப்பு கசக்கும், மழைக்காலத்தில் மூட்டையிலேயே கசிந்து ஒழுகும். இத்தனையும் அயனிச் சேர்மங்கள்தான். கரைதிறன் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஆகவே கரைவதை வைத்து அயனியா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

எங்களிடம் இன்னொரு பரிசோதனை உண்டு. பெரிய உப்புக் கல்லை எடுத்து உளி வைத்துத் தட்டினால் நேர்க்கோட்டில் பிளந்து சின்னச் சின்னக் கட்டமாக உடையும், நசுங்காது. ஏன் அப்படி என்று வாத்தியார் சொல்லட்டும்.


மண்டபம் வாத்தியார் | காலை 7.30

படிகத்தில் நேர், எதிர், நேர், எதிர் என்று மாறிமாறி அடுக்கியிருக்கிறது. தட்டும்போது ஓர் அடுக்கு ஓர் இடம் நகர்ந்தால் நேருக்கு எதிரே நேர் வந்துவிடும். தள்ளிக்கொண்டு பிளந்துவிடும்.

டீச்சரின் மணலுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரை வைத்து உப்புப் படிகத்தைப் பார்த்தபோது, அதில் 'சோடியம் குளோரைடு மூலக்கூறு' என்று தனியாக எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். அந்தக் காலத்து வேதியியலாளர் பலருக்கு இது ஒப்பவில்லை. ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் என்பவர் 1927இல்கூட நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதி, சதுரங்கப் பலகையா இது என்று கேலி செய்தார். பெரியவர்களுக்கே அவ்வளவு நாள் பிடித்தது, நம் பிள்ளைகள் தடுமாறுவதில் தப்பில்லை.

ஆகவே, உருகுநிலை சொல்லும் சேதி வேறு. உருக்குவது என்றால் எதைப் பிரிக்கிறோம்? மெழுகையோ சூடத்தையோ சூடாக்கினால் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் போதும். மூலக்கூறுக்குள் இருக்கும் சகப்பிணைப்பு எதுவும் அறுவதில்லை. அதனால் சீக்கிரம் உருகுகிறது. மணலில் தனி மூலக்கூறே கிடையாது. சிலிக்கன், ஆக்சிஜன், சிலிக்கன் என்று சகப்பிணைப்பு வலைபோல் எல்லாத் திசையிலும் போய்க்கொண்டே இருக்கிறது. உருக்க வேண்டுமென்றால் அந்தப் பிணைப்பையே அறுக்க வேண்டும். 'சகப்பிணைப்புச் சேர்மம் குறைந்த சூட்டில் உருகும்' என்று பாடத்தில் இருப்பது மூலக்கூறுகளாக இருக்கும் சேர்மங்களுக்கு மட்டும்.


பத்துக்குப்பத்து | காலை 8.02

எல்லாம் சரிதான். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு ஓட்டை சொல்லிக்கொண்டே போகிறீர்கள். பிள்ளைக்குக் கடைசியில் என்னதான் கையில் மிஞ்சும்? எண் கொடுத்தால் ஏமாற்றாது. 1.7க்கு மேல் அயனி, கீழே சகப்பிணைப்பு. முடிந்தது.


பதினொன்று ஆ பிரிவு | காலை 8.15

அண்ணா, போரான் டிரைஃபுளோரைடு போட்டுப் பாருங்கள். ஃபுளோரின் 3.98, போரான் 2.04, வித்தியாசம் 1.94. உங்கள் கணக்குப்படி அயனி. ஆனால் அது வாயு, பூச்சியத்துக்குக் கீழே 100 டிகிரியில்தான் திரவமாகும். மெக்னீசியம் குளோரைடுக்கு வித்தியாசம் 1.85தான், அதைவிடக் குறைவு. அது 714 டிகிரியில் உருகும் அயனிப் படிகம். கால்சியம் சல்ஃபைடுக்கு 1.58, 1.7க்கும் கீழே. அதுவும் அயனிப் படிகம், 2500 டிகிரி தாண்டினால்தான் உருகும்.


மண்டபம் வாத்தியார் | காலை 9.10

தம்பி முந்திக்கொண்டான். அந்த 1.7 எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

லினஸ் பாலிங் 1932இல் எலக்ட்ரான் கவர்தன்மை அளவுகோலைக் கொடுத்தார். வித்தியாசத்தை வைத்து ஒரு பிணைப்பில் அயனித்தன்மை எத்தனை சதவீதம் என்று மதிப்பிட ஒரு வாய்ப்பாடும் அவருடையது. 1.7 போட்டால் சுமார் 50 சதவீதம் வரும். அவ்வளவுதான் அதன் மகிமை. பாதிக்கு மேல் போனால் அயனி என்று வைத்துக்கொள்வோம் என்ற வசதிக்கான கோடு. உங்கள் சோடியம் குளோரைடே 2.23, அந்த வாய்ப்பாட்டில் 71 சதவீதம்தான். சீசியம் ஃபுளோரைடுக்கு 3.19 வித்தியாசம் இருந்தும் 92 சதவீதம். நூற்றுக்கு நூறு அயனி என்று எதுவும் இல்லை.

கரைவலை இழுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒரே பலம் என்றால் வலை நடுவில் வரும், ஒரு பக்கம் ஆள் கூட என்றால் அந்தப் பக்கம் சாயும். எலக்ட்ரான் ஜோடியும் அப்படித்தான் சாய்கிறது. எவ்வளவு சாய்ந்தால் 'பறித்துக்கொண்டது' என்று சொல்வது என்பதற்கு இயற்கை கோடு போடவில்லை.

எண்ணோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபஜான் 1923இல் சொன்னது, ஒன்பதாம் வகுப்பிலேயே வருகிறது. நேர்மின் அயனி சின்னதாகவும் சுமை அதிகமாகவும் இருந்தால், எதிர்மின் அயனி பெரியதாக இருந்தால், அதன் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும், சகப்பிணைப்புத் தன்மை கூடும். போரான் எலக்ட்ரான் மூன்றையும் விட்டு அயனியாக வேண்டுமென்றால் அவ்வளவு சின்ன அணுவின் மேல் மூன்று சுமை. அப்படி ஒன்று தனியாக நிற்க முடியாது. அலுமினியம் குளோரைடும் இதே கதைதான். உலோகமும் அலோகமும் சேர்ந்தது, ஆனால் 180 டிகிரியிலேயே ஆவியாகிப் போகும். ஆவியில் இரண்டிரண்டாகச் சேர்ந்த மூலக்கூறுகள். அதே அலுமினியத்தோடு சின்ன ஃபுளோரின் சேர்ந்தால் 1200 டிகிரி தாண்டியும் திடப்பொருளாக நிற்கிறது.


வாலிநோக்கம் உப்பளத்தார் | காலை 9.40

மெக்னீசியம் பற்றி ஒன்று. கசப்புத் தண்ணீரிலிருந்து (உப்பு விழுந்த பின் வெளியேற்றும் மிச்சத் தண்ணீர்) கிடைக்கும் மெக்னீசியம் குளோரைடில் ஆறு தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும். வெறுமனே சூடாக்கித் தண்ணீரை விரட்டலாம் என்றால் நடக்காது, அமில நெடி கிளம்பும். உப்பில் அப்படி வராது. இதுவும் நீங்கள் சொன்ன ஃபஜான் சமாசாரம்தானா?


மண்டபம் வாத்தியார் | காலை 9.55

அதுவேதான். மெக்னீசியம் சின்னது, இரண்டு சுமை. ஒட்டியிருக்கும் தண்ணீரின் ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்து இழுப்பதால் சூட்டில் தண்ணீர் முறிந்து ஹைட்ரஜன் குளோரைடாகப் போகிறது. சோடியம் பெரியது, ஒரே சுமை, தண்ணீரை அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. மெக்னீசியம் குளோரைடு அயனிச் சேர்மம்தான், ஆனால் சோடியம் குளோரைடு அளவுக்கு இல்லை.


கீழக்கரை பாத்திரக்கடை | காலை 10.30

இத்தனை பேர் எழுதியும் நவச்சாரத்தை எதற்குப் பயன்படுத்துவோம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைத் தூவித் துடைத்தால் களிம்பு போய்ப் பளிச்சென்று ஆகும், அப்போதுதான் ஈயம் பிடிக்கும். சூட்டில் புகையாகக் கிளம்பும், கண் எரியும். அயனிச் சேர்மம் என்றால் கெட்டியாக நிற்க வேண்டாமா, இது ஏன் சூடம் மாதிரி பறக்கிறது?


மண்டபம் வாத்தியார் | பகல் 11.15

சூடம் மூலக்கூறாகவே பறக்கிறது. நவச்சாரம் சூட்டில் பிரிந்துபோகிறது. அம்மோனியம் தன் புரோட்டானைக் குளோரைடிடம் திருப்பிக் கொடுத்துவிட, பழையபடி அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் வாயுவாகக் கிளம்புகின்றன. மேலே போய்க் குளிர்ந்ததும் மறுபடி சேர்ந்து வெள்ளைத் தூள். பாத்திரத்தின் களிம்பைத் தின்பது இடையில் வரும் அந்த ஹைட்ரஜன் குளோரைடுதான். கண் எரிவதும் அதனால்தான், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

பூசுகிற வெள்ளீயத்தையும் சேர்த்துப் பாருங்கள், டீச்சருக்கு விருந்து. வெள்ளீயம் உலோகம். அது இரண்டு குளோரினோடு சேர்ந்தால் 247 டிகிரியில் உருகும் திடப்பொருள். நான்கு குளோரினோடு சேர்ந்தால் தண்ணீர் மாதிரித் திரவம், 114 டிகிரியில் கொதித்துவிடும், தெளிவான சகப்பிணைப்பு. அதே உலோகம், அதே குளோரின், சுமை இரண்டிலிருந்து நான்கானதும் குணம் மாறிவிட்டது. ஈயம் பூசுகிறவர் பையில் உலோகம் இல்லாத அயனிச் சேர்மம் ஒன்றும், சகப்பிணைப்புக் குளோரைடு தரும் உலோகம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.


வளைகுடா வாசி | பகல் 1.20

சொந்த ஊர் தேவிபட்டினம், வேலை வெளிநாட்டில். ஒரு கூடுதல் தகவல். இரண்டு உலோகம் சேர்ந்தும் அயனிச் சேர்மம் உண்டு. சீசியமும் தங்கமும் சேர்ந்தால் தங்கம் எதிர்மின் அயனியாகிவிடும். தங்கத்தின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.54, உலோகங்களில் மிக அதிகம். அதனால்தான் பல்கலைக்கழகப் பாடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் முக்கோணம் வரைவார்கள். ஒரு மூலை அயனி, ஒரு மூலை சகப்பிணைப்பு, ஒரு மூலை உலோகப் பிணைப்பு. வித்தியாசத்தை மட்டுமல்லாமல் இரண்டு தனிமங்களின் சராசரியையும் குறித்தால் சேர்மம் முக்கோணத்தில் எங்கே விழுகிறது என்று தெரியும். தம்பி சொன்ன போரான் டிரைஃபுளோரைடு சிக்கலும் பெருமளவு தீரும். அதன் சராசரி அதிகம், சகப்பிணைப்பு மூலையைப் பார்த்துச் சாய்ந்துவிடும்.


தொண்டி டியூஷன் | மாலை 4.45

முக்கோணம் என் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம் அண்ணே, ஆனால் நான் குறித்துக்கொண்டேன்.

வகுப்பில் இப்படி நடத்தப் போகிறேன். வாய்பாட்டைப் பார்த்ததும் உலோகமா என்று தேடாமல், அம்மோனியம், கார்பனேட், சல்பேட், நைட்ரேட் போன்ற சுமை தாங்கும் கூட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். இருந்தால் வெளியே அயனி, உள்ளே சகப்பிணைப்பு. இல்லை என்றால் உலோகம் பார்க்கலாம். உலோகம் இருந்தாலும் அதன் சுமை மூன்று, நான்கு என்று போனால் உடனே அயனி என்று எழுதாமல் உருகுநிலை, கொதிநிலை கேட்க வேண்டும். டி.டி.எஸ். மீட்டரும் வெள்ளைச் சர்க்கரையும் உப்பும் சிட்ரிக் அமிலமும் கிளிஞ்சல் பொடியும் மேசையில் இருக்கும். எது ஏன் ஏமாற்றுகிறது என்று அவர்களே சண்டை போடட்டும். 1.7ஐச் சொல்வேன், 50 சதவீதம் என்ற அர்த்தத்தோடு.


பத்துக்குப்பத்து | மாலை 5.10

கூட்டம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். அது ஒரு மதிப்பெண் கேள்விக்கும் உதவும். மற்றதெல்லாம் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு.


பதினொன்று ஆ பிரிவு | மாலை 5.32

டீச்சர், உங்கள் முறையை எங்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தேன். அயோடின் சேர்க்கப் பொட்டாசியம் அயோடேட் போடுகிறார்கள். அயோடேட் ஒரு கூட்டம், ஓர் அயோடினும் மூன்று ஆக்சிஜனும். ஆகவே பொட்டாசியத்துக்கும் அயோடேட்டுக்கும் இடையில் அயனி, அயோடினுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் சகப்பிணைப்பு. சரியா? பொட்டாசியம் அயோடைடே போடலாமே, ஏன் இவ்வளவு சுற்று?


வாலிநோக்கம் உப்பளத்தார் | மாலை 6.05

சரி தம்பி. அயோடைடு நம் ஊர் ஈரத்திலும் வெயிலிலும் நிற்காது, காற்றுப் பட்டு அயோடினாகிப் பறந்துவிடும். அயோடேட் மூட்டையில் நெடுநாள் தாங்கும். சாப்பிடுகிறவர் கைக்குப் போகும்போது உப்பின் பத்து லட்சம் பங்கில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மழைக்கால மூட்டையில் அது நிற்க வேண்டுமென்றால் அயோடேட்தான்.


பத்துக்குப்பத்து | மாலை 6.20

அப்படியானால் பொட்டாசியம் அயோடேட் ஒரு மதிப்பெண் கேள்வியில் வந்தால் எதற்கு டிக் அடிப்பது?


தொண்டி டியூஷன் | மாலை 6.31

'இரண்டும்' என்று ஒரு தெரிவு இருந்தால் அதற்கு. இல்லாவிட்டால் அயனி.